கைத்தொலைபேசிக்கும் அடையாள இலக்கம் உண்டு



நமக்குத் தேசிய அடையாள அட்டை இருப்பது போல, ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் 15 இலக்கம் கொண்ட ஒரு எண் உண்டு. இதை ஐ.எம்.இ.ஐ. இலக்கம் என்பார்கள். முதல் 8 இலக்கங்கள் போன் எந்த மாதிரி என்று காட்டும். அடுத்த 6 அந்தப் போனுக்கே உரியவை. கடைசி ஒன்று, முன்னுள்ள 14ஐயும் வைத்துக் கணக்குப் பார்த்து எடுப்பது. எழுதும்போது பிழை விட்டால் அது காட்டிக் கொடுக்கும்.

இது சிம் நம்பர் அல்ல. சம்பளம் வங்கிக்கு வந்த குறுஞ்செய்தி சிம்மைத் தேடித்தான் வரும். சிம் யார் கையில் இருக்கிறதோ, செய்தியும் அவர் கைக்கே போகும். ஐ.எம்.இ.ஐ. போனோடேயே இருக்கும். திருடியவர் சிம்மைக் கழற்றி எறிந்து வேறு சிம் போட்டாலும், போன் டவரோடு சேரும்போது இந்த இலக்கத்தைச் சொல்லிவிடும்.

கண்டிக்குச் சாமான் வாங்கப் போன ஒரு சகோதரி பஸ்ஸில் போனைப் பறிகொடுத்தார். பொலிஸில் ஐ.எம்.இ.ஐ. கேட்டார்கள். பெட்டியும் இல்லை, ரசீதும் இல்லை. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய போன். தேடச் சொல்ல வழியே இல்லாமல் திரும்பி வந்தார்.

இலக்கத்தைப் பார்ப்பது லேசு. அழைப்பு எடுக்கிற இடத்தில் *#06# என்று அடியுங்கள், தானாகவே வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு இலக்கம் வரும். இரண்டையும் எழுதுங்கள்.

போன் தொலைந்தால்:

1. வேறொரு போனில் உடனே கம்பெனிக்கு அழைத்து சிம்மை நிறுத்துங்கள். வங்கிச் செய்தி பிறர் கையில் சிக்கக் கூடாது. பிறகு அடையாள அட்டையோடு போய் அதே நம்பரில் புது சிம் எடுக்கலாம்.

2. ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தோடு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். பொலிஸ் திணைக்களத்தின் ‘ஐ-நீட்’ இணையத்தளத்திலும் கொடுக்கலாம்.

பழைய போன் மலிவாகக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். *#06# அடித்து வரும் இலக்கமும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா பாருங்கள். ஐ.எம்.இ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்தையும் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லாத புதுப் போன்களுக்கு இணைப்புக் கிடையாது என்று 2025 ஜனவரியில் ஆணைக்குழு அறிவித்ததையும் மறக்க வேண்டாம். “இலக்கத்தை மாத்தித் தாறோம்” என்று யாராவது சொன்னால் விலகிப் போங்கள். களவுப் போனை மறைக்கிற வேலை அது.

இலக்கம் இருந்தால் போன் கட்டாயம் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. இல்லாவிட்டால் தேடுவது மிகவும் கடினம் என்கிறோம். ஆகவே இன்றைக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதுவித்து, வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். போனுக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள். போனோடு அதுவும் போய்விடும்.