மலக்குடல் புற்றுநோய்: கத்திக்கு முன் கூடும் மருத்துவர் குழு

மலத்தோடு இரத்தம் போவதை மூலம் என்றும் உடற்சூடு என்றும் எண்ணி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வோர் பேராக்கின் முன்னாள் ரப்பர் தோட்டப்புறங்களில் இன்றும் உண்டு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, மலேசிய ஆண்களிடையே முதலிடத்திலும் பெண்களிடையே இரண்டாமிடத்திலும் இருப்பது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே என்பதால், இந்தப் பொறுமை ஆபத்தானது. அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் 50 வயதைக் கடந்தோருக்கு மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை செய்யப்படுகிறது.

பெருங்குடலின் கடைசி 15 செ.மீ. அளவிலான பகுதியே மலக்குடல். கட்டி அதன் சுவரைத் துளைத்தோ அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களைப் பற்றியோ, ஆனால் கல்லீரல், நுரையீரல் போன்ற தொலை உறுப்புகளை எட்டாமல் இருக்கும் நிலையை 'அவ்விடத்தே முற்றிய நிலை' என்பர். இந்நிலையில் அறுவை மருத்துவர் தனித்து முடிவெடுப்பதில்லை. கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை, கதிர்ப்படம், திசு ஆய்வு ஆகிய துறையினரும் சேர்ந்தமர்ந்து எம்ஆர்ஐ படத்தைப் பார்க்கின்றனர். மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்பின் வெளியுறைக்கும் கட்டியின் விளிம்புக்கும் இடையில் 1 மி.மீ. கூட இல்லையென்றால், நேரே கத்தி வைக்கும்போது வேர் உள்ளே தங்கிவிடக்கூடும்.

அந்தக் கொழுப்புறையோடு மலக்குடலை முழுமையாக எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982-இல் விளக்கினார். கதிர்வீச்சையும் மருந்தையும் அறுவைக்கு முன்பே கொடுத்தால் ஐந்தாண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்புவது 13 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைவதை 2004-இல் ஜெர்மன் ஆய்வொன்று காட்டியது.

முன்சிகிச்சையின் நீளமான வடிவம் ஐந்தாறு வாரங்களில் 25 முதல் 28 தடவை கதிர்வீச்சும் கேப்பசிட்டபின் மாத்திரையும் கொண்டது. குறுகியது ஐந்தே நாள், அதன்பின் மருந்து. குறுகிய முறையில் தொலைப்பரவல் குறைந்தாலும், ஐந்தாண்டு முடிவில் அதே இடத்தில் நோய் திரும்புவது சற்றுக் கூடுதல் என்பதை ராப்பிடோ ஆய்வு பின்னர் வெளிப்படுத்தியது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வருவதே சிரமமான ஒருவர், 200 கி.மீ.க்கு அப்பாலுள்ள புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு அனுப்பப்பட்டால், அவருக்கு இவ்விரண்டின் வேறுபாடு வேலையும் கூலியும் சார்ந்தது. அதையும் குழு கணக்கில் கொள்வதே முறை.

முன்சிகிச்சையில் கட்டி முற்றும் மறைந்துவிட்டால், பிரேசிலின் ஏஞ்சலிட்டா ஹாப்ர்-காமா வகுத்தபடி, அறுவையின்றிக் கண்காணிக்கவும் இயலும். வயிற்றில் நிரந்தரமாக மலப்பை பொருத்துவதைத் தவிர்க்கும் இவ்வழியில் முதல் இரண்டாண்டுகளுக்குச் சில மாதங்களுக்கொரு முறை உள்நோக்கிச் சோதனையும் எம்ஆர்ஐயும் தேவை என்பதால், தவணை தவறாமல் வர இயலுமா என்று நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டறிந்த பின்னரே குழு இதைப் பரிந்துரைக்க வேண்டும்.