ரெண்டாவது போன்ல என்ன மச்சி ஓடுது?

ராத்திரி பத்து மணி. திருச்செங்கோடு பக்கம் ஒரு ஹாஸ்டல் ரூம். நாலு பேர், ஆனா எட்டு போன்! ஒரு கையில பிஜிஎம்ஐ கேம். கட்டில்ல சாய்ச்சு வெச்ச இன்னொரு போன்ல யூடியூப் லைவ். ராசிபுரம் பக்கத்து பாலிடெக்னிக் பையன் ஒருத்தன் அதே கேமை ஆடிக்கிட்டே பேசிட்டு இருக்கான். பார்க்கிறவங்க மொத்தம் முப்பத்தி சொச்சம் பேர். அதுல நாலு பேர் நாங்க!

‘மாப்ள, அவன் ஸ்டார்ட் அமுக்கப் போறான்... ரெடி... இப்ப அமுக்கு!’

மாட்டிக்கிச்சு. அதே மேட்ச். அவன் பொச்சின்கியில இறங்கினா நாங்களும் பொச்சின்கி. அவன் எந்த வீட்டு மாடியில ஒளிஞ்சிருக்கான்னு அவனே லைவ்ல காட்டிட்டு இருக்கான். போய்ப் போட்டுத் தள்ளிட்டு ரூமே அதிர ஒரு சிரிப்பு. இதுக்குப் பேர்தான் பாஸ், ‘ஸ்ட்ரீம் ஸ்னைப்பிங்’!

இது எப்படி சாத்தியம்?

ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. ஒரு கிளாசிக் மேட்சுக்கு 100 பேர் வரை சேர்க்கணும். ஒரே சர்வர், ஒரே மேப், ஒரே மோடு வெச்சு ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால், ரெண்டு பேரும் ஒரே மேட்சில் விழ நல்ல சான்ஸ் இருக்கு. அதுக்கப்புறம் மினிமேப், கையில இருக்கிற துப்பாக்கி, மிச்சமிருக்கிற ஹெல்த்... எல்லாத்தையும் அந்தப் பையனோட லைவே சொல்லிடும்.

ஊர்த் திருவிழாவில் விடிய விடிய சீட்டாடுவாங்களே, பார்த்திருக்கீங்களா? ஒருத்தன் எதிராளி முதுகுக்குப் பின்னாடி நின்னு, ‘ஆர்ட்டின் ராஜா அவன்கிட்ட’ன்னு கண்ணைக் காட்டினா என்ன ஆகும்? பந்தலே ரெண்டாயிடும்! அதைத்தான் நாங்க ஏசி இல்லாத ரூம்ல உட்கார்ந்து ஹைடெக்கா செஞ்சுட்டு இருந்தோம்.

‘அவன்தானே காட்டுறான்?’

எங்க ரூம்ல எப்பவும் இதுதான் வாதம். ‘ஊருக்கே திறந்து வெச்சிருக்கான், நாம பார்க்கிறோம். இதுல என்னடா தப்பு?’

கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அவன் காட்டுறது பார்வையாளருக்கு, எதிராளிக்கு இல்லை. ஒரே ஆள் ஒரே நேரத்தில் ரெண்டு சீட்லயும் உட்காரும்போதுதான் வில்லங்கம்.

செஸ்ஸில் இதை எப்பவோ யோசிச்சுட்டாங்க. 2022இல் அமெரிக்காவின் சிங்க்ஃபீல்ட் கோப்பையில் இருந்து கார்ல்சன் பாதியில் விலகி, ஏமாற்று வேலை பற்றிய பேச்சு கிளம்பினதும், நேரலையை 15 நிமிஷம் தாமதமாக ஒளிபரப்பினாங்க. ‘ஜாலிக்குத்தானே செஞ்சோம்’ங்கிற சால்ஜாப்பும் அங்கே எடுபடலை. 2021 ஜூனில் நம்ம விஸ்வநாதன் ஆனந்த் கொரோனா நிதிக்காக ஆன்லைனில் பிரபலங்களோட ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் கம்ப்யூட்டர் உதவியோட அவரை ஜெயிச்சுட்டு, அப்புறம் தானே ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டார். நல்ல காரியத்துக்கான ஆட்டம்தான்... ஆனாலும் ஆட்டம் ஆட்டம்தானே!

நிரூபிக்கிறது கஷ்டம்ப்பா!

2017இல் கம்ப்யூட்டர் பப்ஜி வந்த புதுசு. ஸ்ட்ரீமைப் பார்த்துத் தேடி வந்து சுட்டதாக ஒரு ஆட்டக்காரரைத் தடை பண்ணினாங்க. உடனே கிளம்புச்சு சண்டை. ‘அவர் பார்த்துதான் சுட்டார்னு எப்படித் தெரியும்?’ நியாயமான கேள்விதான். தற்செயலா ஒரே மேட்சில் வந்து, தற்செயலா சுட்டிருக்கலாமே?

இதோட மறுபக்கமும் உண்டு. 2018இல் ஃபோர்ட்நைட் சூப்பர் ஸ்டார் நிஞ்சா, தன்னைச் சுட்ட ஒருத்தரை லைவ்லயே ‘ஸ்னைப்பர்’னு குற்றம்சாட்டி, தடை வாங்கித் தருவேன்னு குதிச்சார். அப்புறம் மன்னிப்பு கேட்டார். ஆயிரக்கணக்கானவங்க பார்க்கும்போது ஒருத்தரைத் திருடன்னு சொல்றது சாதாரண விஷயமா என்ன? தோத்தவுடனே ‘ஸ்னைப்பர், ஸ்னைப்பர்’னு கத்துற ஸ்ட்ரீமர்கள் கவனிக்க!

அதே மாதிரி, சுட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டுறதும் வேணாம். லைவ்ல பெண்களை ஆபாசமாகப் பேசினதாகப் புகார் வந்து, 2021 ஜூனில் ‘பப்ஜி’ மதன் கைதானது நம்ம பக்கத்து ஊர் தர்மபுரியில்தான். கேம் விளையாட்டு, பேச்சு விளையாட்டு இல்லை.

அடி யாருக்கு?

பெரிய ஸ்ட்ரீமர் தப்பிச்சுக்குவார். லாபி திரையை ஒரு படம் போட்டு மறைப்பார், பேரை மறைப்பார், லைவையே ஒரு நிமிஷம் தாமதமா ஓட விடுவார். அவருக்கு சாட்ல ஆயிரம் பேர், லேட்டா பதில் சொன்னாலும் ஓடும்.

சின்னப் பையன் கதை வேற. அவன் கடையே அந்த முப்பது பேரோட பேச்சுதான். ‘ஹாய்ணா, சாப்ட்டீங்களா?’ன்னு ஒருத்தர் கேட்டா அந்த நொடியே பதில் சொல்லணும். ஒரு நிமிஷம் தாமதம் வெச்சா பேச்சு செத்துரும். தாமதம் வெக்காட்டி எங்களை மாதிரி ஆளுங்க வந்து ஆட்டத்தைச் சாகடிச்சுடுவோம்!

அந்த எட்டாவது மேட்ச்

எங்க ஹாஸ்டல் கதைக்கு வர்றேன். ஏழு மேட்ச் வரிசையா அவனைத் தூக்கினோம். எட்டாவதில் பேரைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டான். கோபப்படலை. மெதுவா சொன்னான்: ‘ஏனுங்ணா... நீங்க லைவ் பார்த்துட்டுதான் வர்றீங்கன்னு தெரியும்ங்ணா. இந்த ஒரு மேட்ச் மட்டும் விட்டுருங்ணா. ராத்திரி முழுக்க என்னடா பண்றேன்னு கேட்டு, அம்மா இன்னிக்குத்தான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்குறாங்க.’

நாங்க சிரிச்சோம். சுட்டோம். சுட்டது நான்தான்.

லைவ் கட் ஆச்சு. அடுத்த நாள் வரலை. அடுத்த வாரமும் வரலை. எங்க ரூம்ல அதைப் பத்தி யாரும் பேசவும் இல்லை.

நமக்கு நாமே நாலு ரூல்ஸ்

1. ஸ்ட்ரீமரோட ஆட ஆசையா? சாட்ல கேளுங்க. கஸ்டம் ரூம் போட்டுக் கூப்பிட்டா ஜாலியா போங்க.

2. அதே மேட்சில் விழுந்துட்டீங்களா? தப்பே இல்லை. லைவை மூடிட்டு ஆடுங்க. அப்பவும் ஜெயிச்சா நீங்கதான் கெத்து!

3. அவர் எங்கே இருக்கார்னு சாட்ல போட்டுக் குடுக்காதீங்க.

4. ஸ்ட்ரீமரா நீங்க? ஒரு தடவை செத்ததுக்கு ஒருத்தர் பேரை நாறடிக்காதீங்க. திரும்பத் திரும்ப நடந்தா ரெக்கார்டு பண்ணி ரிப்போர்ட் பண்ணுங்க.

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறைக்குக் கீழே கொண்டு வந்தது. ‘இதுவும் விளையாட்டுதான்பா’ன்னு அப்பாகிட்ட வாதாடத் தெரிஞ்ச நமக்கு, விளையாட்டுக்குன்னு இருக்கிற மரியாதையும் தெரியணும் இல்லையா?

ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பையனுக்கு ஒரு ஸாரி அனுப்பினேன். யார்னு சொல்லி, நான்தான் சுட்டேன்னும் சொல்லி. மறுநாள் ஒரு வரி வந்துச்சு: ‘பரவால்லைங்ணா. திரும்ப ஆரம்பிச்சா சொல்றேன், டீம்ல வாங்க.’

இன்னும் ஆரம்பிக்கலை. அப்பப்போ அவன் சேனலைத் திறந்து பார்க்கிறேன். கூப்பிட்டா கண்டிப்பா போவேன் பாஸ்... ஒரே ஒரு போனோட!