தொடர்நாடகமும் நேயர் சினமும்

தொடர்நாடகம் காண்போர் வெறும் பார்வையாளர் அல்லர், வழக்காடுவோரும் ஆவர். அமெரிக்காவில் ஏ.பி.சி. நிலையம் 2004 முதல் 2010 வரை ஒளிபரப்பிய ‘லாஸ்ட்’ என்னும் விஞ்ஞான விந்தைத் தொடரைச் சான்றாகக் கொள்கிறேன். விமானம் நொறுங்கித் தீவொன்றில் வீழ்ந்து உயிர் பிழைத்தோர் கதை அது. 2006-இன் இறுதியில், மூன்றாம் பருவத்தின் ஆறு பகுதிகளைக் காட்டிவிட்டு, 2007 பிப்ரவரி வரை நிறுத்திவிட்டார்கள். முடிச்சின்மேல் முடிச்சு விழுந்ததேயன்றி ஒன்றும் அவிழவில்லை என்று நேயர் குமுறினர். அக்குமுறல் நியாயமானதே. ஆயினும், பிழை முழுதும் எழுதியவருடையதன்று. தொடர் எப்போது முடியும் என்பதை நிலையத்தார் வரையறுக்காதபோது ஆசிரியர் என் செய்வார்? வழியின் நீளம் அறியாதவன் கட்டுச்சோற்றை அளந்தல்லவா உண்பான்! 2007 மே மாதத்தில், இன்னும் 48 பகுதிகள், 2010-இல் நிறைவு என அறிவித்தனர். பின்னரே கதை விரைந்தது.

நிக்கி, பாவ்லோ என்னும் இருவர் கதை வேறு. முன்பு கண்ணிற்படாத அவர்களை, தொடக்கமுதல் உடனிருந்தவர்போல் நடுவில் நுழைத்தனர். நேயர் வெறுத்தனர். 2007 மார்ச்சில், சிலந்தி கடித்து உடல் மரத்துக் கிடந்த அவ்விருவரையும் இறந்தனர் எனக் கருதி, மற்றவர் உயிரோடு புதைத்தனர். நேயரிற் பலர் மகிழ்ந்தனர். அந்த ஒரு பகுதியில்தான் அவர்கள் எனக்கு மனிதராகத் தோன்றினர். அதற்குள் மண் மூடிவிட்டது.