40 லிட்டர் நீர் காய்ந்தால் 1 லிட்டர் பாகு!

கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் மேப்பிள் என்ற மரம் வளர்கிறது. அதில் ஊறும் நீரைக் காய்ச்சினால் தேன் நிறத்தில் பாகு கிடைக்கும்.

குளிர்காலத்தின் முடிவில் இரவு பனி உறையும். பகலில் வெயில் அடிக்கும். அப்போதுதான் நீர் ஓடும். மரத்தில் சிறு துளை போட்டு, குழாய் செருகி, வாளியைத் தொங்கவிடுவார்கள்.

சொட்டும் நீர் பார்க்கத் தண்ணீர்தான். இனிப்பு 100க்கு சுமார் 2 பங்கே உண்டு. ஆகவே 1 லிட்டர் பாகு எடுக்க ஏறக்குறைய 40 லிட்டர் நீர் வேண்டும்!

விறகு அடுப்பு

நீள அடுப்பின் மேல் அகலமான, ஆழமில்லாத தட்டை வைப்பார்கள். அகலம் கூடினால் ஆவி சீக்கிரம் போகும். வீட்டுக்குள் காய்ச்சக் கூடாது. ஆவியில் சுவரெல்லாம் நனைந்துவிடும்.

பல மணி நேரம் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். கடைசியில் சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்!

விறகுத் தீயை நினைத்தவுடன் அணைக்க முடியாது. தட்டில் நீர் இரண்டு விரல் உயரத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பாகும் கருகும், தட்டும் பாழாகும். எனவே புது நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போதும். நுரை அடங்கிவிடும்.

பதம் எப்போது?

பாகு ஆகப்போகும் சமயத்தில் சிறு பாத்திரத்துக்கு மாற்றி, காஸ் அடுப்பில் வைப்பது நல்லது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பதம் வந்துவிட்டது. சூட்டோடு வடிகட்டிப் புட்டியில் அடைக்கலாம்.

பகல் முழுதும் பட்ட பாடு ஒரு நிமிட அசட்டையில் கருகலாம். அடுப்பை விட்டு நகராமல் இருப்பதே இந்தத் தொழிலின் முதல் பாடம்!