ஜீப்பின் பெயரைச் சொல்லி மேனிஃபோல்டு வாங்காதீர்கள்

கம்பம், கோம்பை, தேவாரம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே மலையேறும் ஜீப்புகளில் பல, இருபது முப்பது வருஷம் ஓடியவை. போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏற்றங்களில் சின்ன கியரிலேயே இன்ஜின் வெகுநேரம் முக்கும். மேலே போனால் குளிரும் சாரலும். இப்படித் தினமும் காய்ந்தும் ஆறியும் முதலில் அடிவாங்குவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுதான். சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றாகச் சேர்த்து சைலன்சர் குழாய்க்குள் தள்ளும் அந்த வார்ப்பிரும்புத் துண்டு, ஒருநாள் விரிசல் விடும், இல்லாவிட்டால் வளைந்துபோகும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இன்ஜின் சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் குறையும். கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருக்கும். சரியான மாற்று மேனிஃபோல்டைப் பிடிப்பதில்தான் சிக்கல். ‘கமாண்டர் ஜீப்புக்கு ஒரு மேனிஃபோல்டு’ என்று கேட்டால் கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டுவார். அவர் மேல் குற்றமில்லை, கேள்விதான் தப்பு. மேனிஃபோல்டு பொருந்துவது இன்ஜினுக்கு. வண்டிப் பெயருக்கு அல்ல.

நம் பக்கத்து ஜீப்புகளின் வரலாறே அப்படி. 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பெட்ரோல் இன்ஜினில் நெடுங்காலம் ஓட்டியது. 1979இல் பிரான்சின் பூஜோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1977இல் இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனி மஹிந்திராவோடு இணைந்திருந்தது. அந்த டிராக்டர் வழியில் வந்ததுதான் டி.ஐ. இன்ஜின். ஆக, ஒரே மாதிரி முகம் உள்ள இரண்டு ஜீப்புகளின் பானெட்டுக்கு உள்ளே சம்பந்தமே இல்லாத இரண்டு இன்ஜின்கள் இருக்கலாம். போதாக்குறைக்கு, பெட்ரோல் ஜீப்பை டீசலாக மாற்றியவர்களும், இன்ஜின் போனதும் கிடைத்ததைத் தூக்கி வைத்தவர்களும் இங்கே ஏராளம்.

அதனால் முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் சி.சி. என்ன போட்டிருக்கிறது? 2112 என்றால் பூஜோ 4.90. அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டர் விட்டம். 2498 என்றால் அதே குடும்பத்தில் பின்னால் வந்த எக்ஸ்.டி.3. 2523 என்றால் டிராக்டர் வழி. கடைசி இரண்டையும் ‘2500 இன்ஜின்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பிறகு பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் எண்ணைத் துடைத்துப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் காகிதத்தை விட்டுவிட்டு பிளாக்கை நம்புங்கள். அப்படியே ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவைச் சரிசெய்யும் வேலையையும் தள்ளிப்போடாமல் முடியுங்கள்.

பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்குச் சி.சி. உதவாது. வில்லிஸின் இரண்டு இன்ஜின்களுமே 2199 சி.சி.தான். முந்தையதில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் பிளாக்கின் பக்கவாட்டில் சேர்த்துப் பூட்டியிருக்கும். பிந்தைய ‘எஃப் ஹெட்’ வகையில் இன்டேக் வழி ஹெட்டிலேயே வார்க்கப்பட்டு, கார்புரேட்டர் அதன் மேல் உட்காரும். பக்கவாட்டில் எக்ஸாஸ்ட் மட்டும்தான். கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எந்த மேனிஃபோல்டு வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வார்ப்பு எண். கழற்றிய மேனிஃபோல்டை மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மேடாக இருக்கும் எழுத்தின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்து உரசினால் எண் தெளியும். ஆனால் அது பார்ட் நம்பர் அல்ல. அச்சுக்கு இட்ட எண் அது. கேட்டலாக்கில் இருப்பது வேறாக இருக்கும். ஒரே வார்ப்பைத் துளை மாற்றிக் குடைந்து இரண்டு மாடலுக்குப் போடுவதும் உண்டு. எனவே வார்ப்பு எண் ஒத்துப்போவது நல்ல அடையாளமே தவிர, அதுவே தீர்ப்பு ஆகாது.

தீர்ப்பு சொல்வது கேஸ்கட். உங்கள் இன்ஜினுக்கு உரிய புது மேனிஃபோல்டு கேஸ்கட் ஒன்றை முதலில் வாங்கி, ஹெட்டில் (வில்லிஸ் என்றால் பிளாக்கில்) வைத்துப் பொருத்தம் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் அதையே கையில் எடுத்துக்கொண்டு மேனிஃபோல்டு தேடப் போகலாம். தேனிக் கடையோ மதுரையோ சென்னை புதுப்பேட்டையோ, எங்கே மேனிஃபோல்டைக் காட்டினாலும் அந்தக் கேஸ்கட்டை அதன் முகத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா ஸ்டட் துளையும் நேராக வர வேண்டும். புகைத்துளையின் விளிம்பு கேஸ்கட்டுக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. துளைகளை எண்ணும்போது, நாலு சிலிண்டருக்கு நாலு துளைதான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினில் நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே புகைவழி. ஆக மூன்றே துளை.

இன்ஜின் பக்கம் சரியாக இருந்தும் சைலன்சர் பக்கம் ஏமாற்றிவிடும். கீழ்க்குழாய் பூட்டும் முகத்தில் எத்தனை ஸ்டட், அது எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, பூட்டிய பின் ஸ்டீயரிங் தண்டில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். டர்போ வைத்த இன்ஜினின் மேனிஃபோல்டில் அந்த முகமே டர்போவுக்காக அமைந்திருக்கும். டர்போ இல்லாத வண்டிக்கு அது ஆகாது. ஸ்டட் மரையையும் கவனியுங்கள்: பூஜோ மெட்ரிக், வில்லிஸும் அம்பாசடரும் அங்குல மரை. மாற்றி முறுக்கினால் ஹெட்டிலோ பிளாக்கிலோ உள்ள மரை போய்விடும்.

பழைய சரக்கு என்றால் முகத்தில் நேர்கட்டை வைத்து, ஃபீலர் கேஜ் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். கொஞ்சம் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் முகம் சீவிக்கொள்ளலாம். துளைகளுக்கு இடையே மயிரிழை விரிசல் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வார்ப்பிரும்பு வெல்டிங் நல்ல கையில் நிற்கும்தான். ஆனால் தினம் மலையேறும் வண்டியில் நான் அதை நம்ப மாட்டேன். கசியும் புகை வண்டிக்குள் வந்தால், பின்னால் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதை மூச்சிழுக்க வேண்டும்.

பூட்டும்போது நடு நட்டிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு மறுபடி ஒருமுறை முறுக்குங்கள். புதியது நாலைந்து முறை மெட்டு ஏறி இறங்கும்வரை பழைய மேனிஃபோல்டை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.