மூளைக்குள்ளே ஒரு தாளம்: அது கட்டுமீறினால் வலிப்பு



நம் தலைக்குள்ளே மின்சாரம் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா? ஓடத்தான் செய்கிறது. 1924-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மனிதத் தலையிலிருந்து அதைப் பதிவு செய்துவிட்டார். லயத்து விளக்கை எரிக்கிற மின்சாரம் இல்லை இது. ஒரு நரம்பணுவில் இருப்பது ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் ஏறக்குறைய 70 பங்குதான். இந்தத் துளி மின்சாரத்தால்தான் நாம் பேசுகிறோம், நடக்கிறோம், நேற்று நடந்ததை நினைத்துப் பார்க்கிறோம்.

ஞாபகம் எங்கே பதிகிறது?

காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், சுண்டுவிரல் அளவில் வளைந்த ஒரு பகுதி உண்டு. பார்க்கக் கடல்குதிரை மாதிரி இருக்கும். பெயர் ஹிப்போகாம்பஸ். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, ஓயாத வலிப்பை நிறுத்துவதற்காக, இரண்டு பக்கமும் இதன் பெரும்பகுதியை அறுத்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை புதிதாகப் பார்த்த ஆளை, நடந்த சம்பவத்தை அவரால் மனதில் நிறுத்த முடியவில்லை. சின்ன வயது நினைவுகள் மட்டும் இருந்தன.

தாளம் எப்படிப் பிறக்கிறது?

இந்த ஞாபக நிலையத்தில் மின்சாரம் கண்டபடி ஓடுவதில்லை. தாளம் போட்டு ஓடுகிறது. ஓடுகிற எலிக்கு வினாடிக்கு 6 முதல் 10 தடவை அடிக்கும். மனிதனுக்குக் கொஞ்சம் மெதுவாக அடிக்கும்.

பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கும்வரை மண்டோர்கள் கையைக் காட்டி ஆட்களை நிறுத்தி வைக்கிறார்கள். மணி அடித்ததும் கையை இறக்குகிறார்கள். ஆட்கள் ஒன்றாகக் காலெடுத்து வைக்கிறார்கள். மூளையின் நடுவே உள்ள செப்டம் என்ற சிறு பகுதிதான் அந்த மணி. தடுக்கிற அணுக்கள்தான் மண்டோர்கள். பிடித்து நிறுத்தி, ஒரே நேரத்தில் விடுவதால்தான் தாளம் பிறக்கிறது. 1954-ல் முயல்களில் செப்டத்தைக் கெடுத்துப் பார்த்தார்கள், தாளம் நின்றது. 1978-ல் எலிகளில் தாளத்தை நிறுத்தினார்கள். படித்த வழியை அவை மறந்தன. ஆனாலும் மணி மட்டும் காரணமில்லை. எலியின் ஹிப்போகாம்பஸைத் தனியே எடுத்து வைத்தாலும் அது தானாகத் தாளம் போடும் என்று 2009-ல் கண்டார்கள்.

தடுப்பு தளர்ந்தால்?

தடுக்கிற அணுக்கள் பலம் இழந்தால் எல்லா அணுக்களும் அடங்காமல் ஒன்றாக அடிக்கும். அதுதான் வலிப்பு. பெரியவர்களுக்கு வரும் வலிப்பில் பல இந்த ஞாபக நிலையத்திலோ அதன் பக்கத்திலோதான் ஆரம்பிக்கின்றன. மோட்டார் சைக்கிளில் விழுந்த தலையடி, பக்கவாதம், மூளைக் காய்ச்சல் இவற்றுக்குப் பிறகும் வரலாம்.

எல்லா வலிப்பும் கைகால் வெட்டுவதில்லை. சிலர் திடீரென்று வெறித்துப் பார்ப்பார்கள், வாயைச் சப்புக்கொட்டுவார்கள், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். கூப்பிட்டால் பதில் வராது. பிறகு கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்பார்கள். உண்மையிலேயே தெரியாது, ஞாபகம் பதியும் இடமே அப்போது வேலை செய்யவில்லை. இதைப் பார்த்துச் சோம்பேறி என்று திட்டுகிறோம், காத்து கருப்பு என்று பூசாரியைத் தேடுகிறோம். நாம் "காக்காய் வலிப்பு" என்றோம். மலாயில் "கிலா பாபி", அதாவது பன்றிப் பைத்தியம் என்றார்கள். காக்காய்க்கும் பன்றிக்கும் இதில் சம்பந்தமே கிடையாது. இது தொற்றுநோயும் இல்லை.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது:

1. கத்தி, அடுப்பு, தண்ணீர் பக்கத்தில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள்.

2. ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

3. கையில் சாவி, இரும்பு கொடுக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடவே கூடாது.

4. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது தெளிவதற்குள் மறுபடி வந்தால், 999-க்குக் கூப்பிடுங்கள்.

முதல் தடவை வந்தால் நின்றுவிட்டது என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கே கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். தலையில் கம்பிகளை ஒட்டித் தாளத்தைப் பதிவு செய்வார்கள். வலிக்காது, ஷாக் அடிக்காது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்துப் பேரில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரைக்கும் அடங்காத சிலருக்கு, பாதித்த ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கும் அறுவை சிகிச்சையும் இன்று உண்டு.

"இப்பதான் வரலையே" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ராத்திரி முழுக்க நடக்கிறவர்கள் முதல்நாள் நன்றாகத் தூங்குங்கள், மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். தூக்கமின்மையும் குடியும் வலிப்பைக் கூப்பிடும் இரண்டு விருந்தாளிகள்.

வலிப்பு உள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள். வலிப்பு உள்ள பெண்ணுக்கு வாழ்க்கை இல்லை என்று பேசாதீர்கள். மூடி மறைத்தால் நோய் வளரும். மாத்திரை கொடுத்தால் பிள்ளை வளரும்.