வேதியியல் பட்டப்படிப்பு: பிளஸ் 1-லேயே முடிவாகும் வாய்ப்பு

புது தில்லி: கல்லூரியில் வேதியியல் படிக்கும் வாய்ப்பு, அப்பாடத்தில் மாணவர் பெறும் மதிப்பெண்ணை மட்டும் பொறுத்ததன்று. பத்தாம் வகுப்பை முடித்த கையோடு, பிளஸ் 1 விண்ணப்பப் படிவத்தில் கணிதத்தை அவர் குறித்தாரா, விட்டுவிட்டாரா என்பதே பல வேளைகளில் அதை முடிவு செய்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் இந்த உண்மை பல குடும்பங்களுக்குத் தெரிய வருகிறது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் விதி இதற்குத் தக்க சான்று. அதன் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. (ஆனர்ஸ்) வேதியியலில் சேர, 2022-ஆம் ஆண்டு முதல் 'க்யூட்' எனப்படும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு நடைமுறையில் உள்ளது. இதில் ஒரு மொழித் தேர்வுடன் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றையும் எழுதியாக வேண்டும். பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் 'கட்-ஆஃப்' அறிவிக்கப்பட்ட முந்தைய காலத்திலும் இந்த மூன்று பாடங்களே கணக்கில் கொள்ளப்பட்டன. ஆகவே, கணிதத்தைக் கைவிட்டு உயிரியல் படித்த மாணவர் வேதியியலில் நூற்றுக்கு நூறு பெற்றிருந்தாலும், அங்கே அவருக்கு ஆனர்ஸ் வகுப்பில் இடமில்லை.

மருத்துவக் கனவும் மாற்று வழியும்: கணிதத்தை விட்டுவிடுவதற்கு மருத்துவப் படிப்பின் மீதுள்ள நாட்டமே பெரும்பாலும் காரணம். 'நீட்' தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வினாக்கள் மட்டுமே உண்டு. எனவே, கணிதம் வீண்சுமை என்று கருதி, எளிதில் மதிப்பெண் தரும் என நம்பப்படும் உடற்கல்வி போன்ற பாடத்தை ஐந்தாவதாக எடுக்கும் வழக்கம் சிபிஎஸ்இ பள்ளிகளில் பரவலாக உள்ளது.

ஆனால், 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வுக்கு ஏறத்தாழ 24 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். அப்போது நாட்டிலிருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே கூடுதல். எஞ்சியோரில் பலர் வேதியியலை ஊன்றிப் படித்தவர்கள். அத்தேர்வின் 180 வினாக்களில் 45 வினாக்கள் வேதியியல் சார்ந்தவை. அந்த உழைப்பைப் பட்டப்படிப்பாக மாற்றிக்கொள்ள அவர்கள் விழையும்போதுதான், கணிதம் இல்லாத குறை குறுக்கே நிற்கிறது. தாவரவியல், விலங்கியல், உயிர் வேதியியல் ஆகியவற்றின் கதவுகள் திறந்திருக்கின்றன. அவையும் நல்ல படிப்புகளே. எனினும், அவை விரும்பித் தேர்ந்தவையாக இருப்பது வேறு. வேறு வழியின்றி ஏற்றவையாக இருப்பது வேறு.

பிற நிறுவனங்கள்: பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய நான்காண்டு இளநிலை ஆராய்ச்சிப் படிப்பில் வேதியியலும் ஒரு முதன்மைப் பாடம். அதில் சேர பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் தேவை. கான்பூர், மும்பை ஐஐடி-க்களில் வேதியியல் இளநிலைப் படிப்புக்கான வழியான ஜேஇஇ (அட்வான்ஸ்டு) தேர்வும் இந்த மூன்று பாடங்களையே சோதிக்கிறது.

ஐஐஎஸ்இஆர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நிலை சற்று மாறுபட்டது. 2006-இல் புணே, கொல்கத்தாவில் தொடங்கி, பின்னர் ஏழாகப் பெருகிய இந்நிறுவனங்களில் அப்போது இருந்தவற்றுக்கு, 2012-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்ற தகுதியை வழங்கியது. இவற்றின் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கிலிருந்தும் தலா 15 வினாக்கள் கேட்கப்படுகின்றன. நான்கில் ஒன்றைப் படிக்காதவர், தேர்வின் கால் பங்கில் தடுமாறவே செய்வார்.

ஆங்கிலத்துடன் இந்த நான்கு பாடங்களையும் சேர்த்தால் மொத்தம் ஐந்தே பாடங்கள். சிபிஎஸ்இ கேட்பதும் ஐந்துதான். சுமை கூடுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மருத்துவமா, வேதியியலா என்று முடிவெடுக்க இயலாத மாணவருக்கு இரண்டு வழிகளையும் திறந்து வைப்பது இந்தத் தொகுப்பே. சுமையைத் தாங்க இயலாதவர், வேதியியல்தான் இலக்கு என்றால், உயிரியலை விடலாம், கணிதத்தை விடலாகாது.

கணிதம் எதற்கு?: இது வெறும் சேர்க்கை விதி அன்று. வினை எவ்வளவு வேகமாக நிகழ்கிறது என்பதைக் கூற வகைநுண்கணிதம் வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் எவ்வளவு பொருள் எஞ்சும் என்று கணிக்கத் தொகைநுண்கணிதம் வேண்டும். அமிலத்தன்மையின் அளவீடு மடக்கையில் அமைந்தது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் நிலையை விளக்குவது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. நிறமாலையியலுக்கோ இயற்பியல் அடிப்படை இன்றியமையாதது.

மறக்கப்படும் பிளஸ் 1: பாடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. சிபிஎஸ்இ பொதுத் தேர்வு பிளஸ் 2 பாடத்தை மட்டுமே சார்ந்தது. க்யூட் வேதியியல் தேர்வும் அவ்வாறே. எனவே, பிளஸ் 1 பாடங்களை மேலோட்டமாகக் கடந்துவிட்டாலும் மதிப்பெண் வந்துவிடுகிறது. விளைவு கல்லூரியில் தெரிகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் 2022-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதல் பருவத்தின் மூன்று வேதியியல் தாள்கள் அணு அமைப்பும் வேதிப்பிணைப்பும், கரிம வேதியியல் அடிப்படைகளும் ஹைட்ரோகார்பன்களும், வாயு, திரவ நிலைகள் என்பனவாகும். மூன்றுக்கும் வேர் பிளஸ் 1 பாடத்தில்தான் உள்ளது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரோனா காலத்துக்குப் பின் மாணவர் சுமையைக் குறைப்பதாகக் கூறி, 2022-23 கல்வியாண்டில் என்சிஇஆர்டி தனது நூல்களைச் சுருக்கியது. அப்போது பிளஸ் 1 வேதியியலிலிருந்து பருப்பொருளின் நிலைகள் பற்றிய பாடமும், பிளஸ் 2-விலிருந்து திடநிலை, பலபடிகள் பற்றிய பாடங்களும் நீக்கப்பட்டன. பள்ளி கைவிட்ட வாயு விதிகளைக் கல்லூரி முதல் பருவத்திலேயே எதிர்பார்க்கிறது. சேர்க்கைக்கு முந்தைய கோடை விடுமுறையில் பழைய நூல்களைத் தேடிப் படித்துக்கொள்வது மாணவருக்கு நலம் தரும்.

பத்தாம் வகுப்பிலேயே கவனம் தேவை: 2020-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 'பேசிக்', 'ஸ்டாண்டர்டு' என இரு நிலை வினாத்தாள்களை சிபிஎஸ்இ வழங்கி வருகிறது. எளிய நிலையை எழுதியவர் பிளஸ் 1-இல் கணிதம் எடுக்க இயலாது என்பதே தொடக்க விதி. கரோனா காலத்தில் அது தளர்த்தப்பட்டு, பின்னரும் நீட்டிக்கப்பட்டது. தளர்வை நம்பியிராமல் ஸ்டாண்டர்டு நிலையை எழுதுவதே பாதுகாப்பானது. பிளஸ் 1-இல் 'பயன்பாட்டுக் கணிதம்' என்ற பெயரில் உள்ள பாடம் வணிகவியல், சமூக அறிவியல் மாணவர்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. அறிவியல் மாணவருக்கு அது ஈடாகாது.

தமிழக மாணவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தமிழகத்தில் கணிதம் படிக்காதவருக்கும் பல கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலை வேதியியலில் இடம் கிடைப்பதுண்டு. அதே எண்ணத்துடன், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் கொண்ட பிரிவில் படித்துவிட்டுத் தில்லிக்கு விண்ணப்பித்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

பாடப் பிரிவுகளுக்கு இடையேயான இறுக்கமான சுவர்கள் அகல வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. பிளஸ் 2-வில் படிக்காத பாடத்திலும் க்யூட் எழுதலாம் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால், தேர்வெழுத அனுமதி உண்டு என்பது வேறு. சேரத் தகுதி உண்டு என்பது வேறு. தகுதியை வகுப்பது அந்தந்தப் பல்கலைக்கழகம். அதன் தகவல் கையேட்டைப் பிளஸ் 2 முடித்த பின் புரட்டுவதில் பயனில்லை.

2024-ஆம் ஆண்டு நீட் முறைகேடு விவகாரம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் உலுக்கியது. தேர்வு மையத்தில் இழைக்கப்படும் அநீதிக்குக் குரல் எழுப்ப அவை உண்டு, நீதிமன்றமும் உண்டு. படிவத்தில் விடுபட்ட ஒரு பாடத்துக்காக வாதாட எவரும் இல்லை. அந்தப் படிவத்தை நிரப்பும் நாளில் பெற்றோரும் ஆசிரியரும் மாணவருடன் அமர்ந்து, அவர் சேர விரும்பும் கல்லூரியின் விதியை ஒருமுறை படித்துவிட்டால் போதும்.